ஏழாம் நாள் படம்

அந்த ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கேமரா அறையின் டெக்னீஷியனுக்கு வைத்த பெயர் ‘ஏழாம் நாள்’. நேரில் பார்த்தால் அக்கா என்பார்கள். அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும், “ஏழாம் நாள் வந்தாச்சா? ஏழாம் நாள் இன்னிக்கு யார்கிட்ட சண்டை?” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அவளுக்குத் தெரியாமல் இல்லை. “கூப்பிடட்டுமே. அப்படியாவது அந்த வார்த்தை அவங்க வாயில வருதே” என்பாள். கொஞ்சம் திமிர்தான். ஆனால் காரணமில்லாத திமிர் இல்லை.

அங்கே சிலவகைப் புற்றுநோய்க்குக் கதிர் மருந்தை ஊசி வழியே ஏற்றுகிறார்கள். மருந்து ரத்தத்தோடு ஓடி, கட்டியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு, உள்ளேயிருந்தே அதைச் சுடும். நல்லதுதான். ஆனால் போகிற வழியில் கிட்னியிலும் கொஞ்சம் தங்கிவிடும். தங்கியிருக்கும் நேரமெல்லாம் கிட்னிக்கும் சூடுதான். எவ்வளவு தங்கியது, எத்தனை நாளில் வடிந்தது என்று தெரிந்தால்தான் அடுத்த ஊசியைத் தைரியமாகப் போடலாம். அதைத் தெரிந்துகொள்ள உடம்பைத் திறக்க வேண்டியதில்லை. மருந்து விடுகிற கதிர் உடம்பைத் தாண்டி வெளியே வருகிறது. அக்காவின் கேமரா அதைப் பிடித்துப் படமாக்கும். எந்த இடம் எவ்வளவு பிரகாசமோ, அந்த இடத்தில் அவ்வளவு மருந்து.

ஒவ்வொரு முறையும் நோயாளியின் கால்மாட்டில் ஒரு சின்னக் குப்பியை வைப்பாள். அதிலும் அதே மருந்துதான், அளந்து ஊற்றியது. குப்பியில் இவ்வளவு மருந்துக்கு இவ்வளவு பிரகாசம் என்றால் கிட்னியில் தெரியும் பிரகாசத்துக்கு எவ்வளவு மருந்து என்று கணக்குப் போட்டுவிடலாம். கடையில் தராசுக்கு எடைக்கல் எப்படியோ, அவளுக்கு அந்தக் குப்பி அப்படி.

சிக்கல் எங்கே என்றால், படம் எடுப்பது இரண்டே முறை. ஊசி போட்ட அன்று மாலை ஒன்று, மறுநாள் ஒன்று. அந்த இரண்டு புள்ளியை வைத்து ஒரு கோடு இழுத்து, மீதி நாட்களில் மருந்து இப்படித்தான் வடிந்திருக்கும் என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஏழாம் நாளும் ஒரு படம் எடுக்கலாம் என்று விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. யார் எடுப்பது? நோயாளி வரமாட்டார், வந்தால் இயந்திரம் காலியாக இருக்காது. அக்காவுக்கு அது வயிற்றெரிச்சல். “ரெண்டு நாள் பழகிட்டு ஒருத்தன நல்லவன்னு சொல்லிட முடியுமா? ஏழாம் நாள் பாருங்க, அப்பத்தான் அவன் குணம் தெரியும்” என்று எல்லா மீட்டிங்கிலும் சொல்வாள். எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்து போவார்கள். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அவள் கணவருக்கு இதில் ஒரு நகைச்சுவை உண்டு. “கல்யாணமாகி ஏழாம் நாளே எனக்கு ரிசல்ட் சொல்லிட்டா. இன்னும் அப்பீல் போயிட்டிருக்கேன்” என்பார்.

பத்தொன்பது வயதில் எக்ஸ்ரே பிலிம் கழுவ அந்த ஆஸ்பத்திரிக்கு வந்தவள் அவள். பிலிம் காலம் முடிந்ததும் கூட வேலை பார்த்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் மாலை வகுப்பில் சேர்ந்து, இயற்பியலில் மூன்று முறை மண்ணைக் கவ்வி, நான்காம் முறை தேறி, இந்தக் கேமராவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். இப்போது நாற்பத்தெட்டு வயது. கேமராவுக்கும் வயதாகிவிட்டது. உடம்பைச் சுற்றிவந்து படம் எடுக்கும் அதன் கை பழுதாகி இரண்டு வருடம் ஆகிறது. முன்னாலிருந்து ஒன்று, பின்னாலிருந்து ஒன்று என்று தட்டையாகத்தான் எடுக்கும். இருப்பதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சலூன்காரர் வந்தார்.

ஐம்பத்திரண்டு வயது. குடலில் தொடங்கிய கட்டி ஈரலில் பல இடத்தில் பரவியிருந்தது. ஆனால் வாய் மட்டும் ஓயாது. முதல் நாளே அக்காவின் தலையைப் பார்த்து, “யாரு தங்கச்சி ஒங்களுக்கு முடி வெட்டினது? கோர்ட்டுக்குப் போனா ஜெயிக்கலாம்” என்றார். கூட வந்த தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். தையல் யூனிட்டில் பட்டன் வைக்கும் வேலை அவளுக்கு. ஒன்பது வருடத்துக்கு முன் அவளுடைய இரண்டு கிட்னியும் போய்ச் சாகக் கிடந்தபோது, தன்னுடையதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தவர் இந்த அண்ணன்தான். ஆக, அவருக்கு இருப்பது ஒற்றைக் கிட்னி.

நான்கு ஊசி போட வேண்டும் என்று டாக்டர்கள் முடிவு செய்திருந்தார்கள். நான்கும் போட்டால்தான் ஈரலில் இருக்கும் கட்டிகள் அடங்கும். ஒற்றைக் கிட்னி தாங்குமா என்பதைக் கேமராதான் சொல்ல வேண்டும்.

முதல் ஊசி நல்லபடியாக ஏறியது. அன்று மாலை ஆஸ்பத்திரி அங்கியில் வந்து முதல் படத்துக்குப் படுத்தார். மறுநாள் வீட்டிலிருந்து வந்தார். முப்பது வருடம் நின்றே முடி வெட்டியதில் அவருக்கு இடுப்பு வலி. சட்டைக்குள் அகலமான துணிப் பட்டை ஒன்றைக் கட்டியிருந்தார்.

“இத கழட்டணுமா தங்கச்சி? நேத்து இது இல்லாம படுத்து உசுரே போயிடுச்சு. கழட்டினா இந்தப் பலகைல இருபது நிமிஷம் என்னால படுக்க முடியாது.”

அக்கா தொட்டுப் பார்த்தாள். கொக்கி இல்லை, இரும்பு இல்லை, வெறும் துணி. சாவி, சில்லறை, பெல்ட் கொக்கி, செல்போன் எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்வது விதி. துணியைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை. “சரிண்ணே, இருக்கட்டும்” என்றாள். இரக்கம்தான், வேறென்ன! அந்த இரக்கம் என்ன பாடு படுத்தப்போகிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

கணக்குப் போடும் பௌதிக நிபுணருக்குக் ‘கணக்கு வாத்தியார்’ என்று பெயர். மூன்றாம் நாள் அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“அக்கா, சலூன்காரருக்கு ஒரு ஊசிக்கே கிட்னில எட்டு கிரே காட்டுது. முதல் படத்துக்கும் ரெண்டாவது படத்துக்கும் நடுவுல மருந்து வடியவே இல்ல. அப்படியே உக்காந்திருக்கு.”

கிரே என்பது உடம்பு வாங்கும் கதிரின் அளவு. கிட்னிக்கு ஆயுளுக்கும் சேர்த்து இருபத்துமூன்று கிரேதான் எல்லை என்று அந்த ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். எட்டை நாலால் பெருக்கினால் முப்பத்திரண்டு. தலைமை டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். அதிகம் பேசாத பெண்மணி. “ரெண்டு ஊசியோட நிறுத்திடலாம். ஒரு கிட்னிய வச்சு விளையாட முடியாது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு ஊசி அந்த ஈரலுக்குப் பத்தாது என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும்.

விஷயத்தைக் கேட்டதும் சலூன்காரர், “அதனால என்ன, ரெண்டுன்னா ரெண்டு. முடி வெட்டறதுலயும் பாதி வெட்டிட்டு எந்திரிச்சுப் போறவன் இருக்கான்” என்றார். அவருடைய தங்கைதான் நடைபாதையில் சுவரோடு சாய்ந்து உடைந்து போனாள்.

“நான் வாங்காம இருந்திருந்தா இன்னிக்கு அண்ணனுக்கு ரெண்டு இருந்திருக்கும். நாலு ஊசியும் போட்டிருப்பாங்க. நான்தான் அவரு உசுர எடுத்துட்டேன்.”

அக்கா அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நேராகத் தலைமை டாக்டர் அறைக்குள் போனாள்.

“மேடம், ஏழாம் நாள் ஒரு படம் எடுத்துக்கறேன். அதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.”

“மெஷின் ஏது?”

“காலைல ஆறரைக்கு வர்றேன். எட்டு மணிக்கு முன்னாடி முடிச்சுடறேன். ஒருத்தரோட நேரத்தையும் தொடமாட்டேன்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். “நீங்க பிடிச்ச முயலுக்கு மூணே கால்தான். எடுங்க.”

சலூன்காரரை வரவழைப்பதுதான் அடுத்த பாடு. உடம்பு நன்றாக இருக்கிறது, கடையைத் திறந்துவிட்டேன், அதே கதையைச் சொல்ல இன்னொரு படம் எதற்கு என்று போனில் நழுவினார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“அண்ணே, ஒரு பக்கம் மட்டும் மீசை எடுத்துட்டு ஒருத்தர அனுப்புவீங்களா?”

“சேச்சே!”

“அப்ப வாங்க. என் வேலை பாதில நிக்குது.”

வந்தார். ஏழாம் நாள், காலை ஆறரை. தங்கையும் வந்திருந்தாள். படுத்தார், குப்பி கால்மாட்டுக்குப் போனது, கேமரா மெல்ல நகர ஆரம்பித்தது. சீக்கிரம் வந்துவிட்ட கணக்கு வாத்தியாரும் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

ஈரலில் கட்டிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அது எதிர்பார்த்ததுதான், கட்டி மருந்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு கிட்னி இருக்கும் இடம் வந்தது. அங்கே பளீரென்று வெளிச்சம். ஏழு நாள் ஆகியும் மருந்து அங்கேயே குந்தியிருந்தது.

“நான்தான் சொன்னேனே அக்கா” என்றார் வாத்தியார் மெதுவாக. குத்திக்காட்டவில்லை, அவருக்கும் வருத்தம்தான். “எட்டுங்கறதே கம்மி போலிருக்கு. இதப் பாத்தா ரெண்டாவது ஊசியும் வேணாம்னுடுவாங்க.”

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது! நல்லது செய்யப் போய், இருக்கிற இரண்டையும் ஒன்றாக்கிவிட்டேனே என்று நினைத்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அந்த மனுஷன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். வெளியே நாற்காலி நுனியில் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

அழுதுகொண்டு நிற்கிற ரகம் இல்லை அக்கா. இருபத்தொன்பது வருடமாகச் செய்கிற வேலை. மனசு எப்படி இருந்தாலும் கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்தது. வழக்கம்போல முதலில் குப்பியை அளந்தாள். ஊசிக்கு மறுநாள் எடுத்த படத்தில் நூறு என்றால், இன்று ஐம்பத்துமூன்று. சரிதான். குப்பியிலிருந்து மருந்து எங்கேயும் போகாது, ஆனால் கதிர் தானாகவே நாளுக்கு நாள் குறையும். ஆறு நாளில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். அது இயற்கைக் கணக்கு, யாராலும் மாற்ற முடியாது. அடுத்து, கிட்னியில் மிக அதிகமாக ஒளிர்ந்த கட்டைவிரல் அளவு இடத்தைச் சுற்றிக் கோடு வரைந்தாள். மறுநாள் படத்திலும் அதே இடத்தில் வரைந்தாள். அங்கே நூறு என்றால், இங்கே ஐம்பத்துநான்கு.

இன்னொரு முறை வரைந்தாள். ஐம்பத்துநான்கு.

“சார், இங்க வாங்க. இந்தக் குப்பி எவ்வளவு கொறஞ்சுது?”

“பாதி. கதிர் தானா கொறையறதுதான்.”

“இந்த எடம்?”

“அதுவும் பாதி.”

“கொஞ்சம் யோசிங்க சார். குப்பி கண்ணாடி. அது ஒண்ணுக்குப் போகாது. கிட்னி? அதுக்கு வேலையே அதானே! கதிர் தானா கொறையும், மருந்தும் மூத்திரத்துல போகும். ரெண்டும் சேந்தா குப்பிய விட வேகமா கொறையணும். இது குப்பி மாதிரியே கொறஞ்சிருக்கு. ஆறு நாளா ஒரு சொட்டுகூட வெளிய விடல.”

வாத்தியார் குனிந்து திரையைப் பார்த்தார்.

“கெட்டுப்போன கிட்னின்னா கூட இப்படி இருக்காது. அந்த மனுஷன் நேத்து முழுக்க நின்னு முடி வெட்டியிருக்காரு. சார், இது கிட்னி இல்ல. இது ஒடம்பே இல்ல.”

சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. தட்டையான படம், முதுகுக்கு வெளியே இருப்பதும் உள்ளே இருப்பதும் அதில் ஒன்றாகத்தான் விழும். உள்ளே ஓடினாள். “அண்ணே, எந்திரிங்க. அந்த இடுப்புப் பட்டையக் கழட்டுங்க.”

“என்ன தங்கச்சி, ஏதாச்சும் பிரச்சினையா?”

“கழட்டுங்கண்ணே!”

கையுறை போட்டு, பட்டையை இடுக்கியால் வாங்கி அறையின் மூலையில் தொங்கவிட்டாள். வாத்தியார் கதிர் மீட்டரை எடுத்துக்கொண்டு வந்தார். பட்டையின் நடுப்பகுதிக்கு அருகே கொண்டுபோனதுதான் தாமதம், மீட்டர் அலறிய அலறலில் வெளியே இருந்த தங்கை எழுந்து ஓடிவந்துவிட்டாள்.

கதை அப்புறம் துண்டு துண்டாக வெளியே வந்தது. ஊசி போட்ட அன்று சலூன்காரர் பட்டையைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். குழாயைக் கழற்றும்போது ஒரு சொட்டு மருந்து அதில் விழுந்திருக்கிறது. கட்டிலையும் தரையையும் மீட்டரால் சோதித்தார்கள். அதற்குள் தங்கை பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்துவிட்டாள். அன்று மாலைப் படத்தில் பட்டை இல்லை. மறுநாள் இருந்தது. அதனால்தான் மருந்து வடியாத மாதிரிக் கோடு இறங்காமல் நின்றது. பட்டையைத் துவைத்திருந்தாலாவது கொஞ்சம் போயிருக்கும். “அத தொவச்சா இறுக்கம் போயிடும்னு வருஷத்துக்கு ஒரு தடவதான் தண்ணி காட்டுவாரு” என்றாள் தங்கை. வாத்தியார் அவள் பையையும், இருவர் கைகளையும், சலூன்காரரின் முதுகையும் சோதித்துவிட்டுப் பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னார்.

பட்டை இல்லாமல் மறுபடி படம். சலூன்காரருக்கு இடுப்பு வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு படுத்தார். கேமரா நகர்ந்தது. ஈரல் வந்தது. கிட்னி வந்தது. அங்கே வெளிச்சம் மங்கி, இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது.

“வடிஞ்சிடுச்சு!” என்று கத்தினாள் அக்கா. அந்த அறையில் கத்தக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியவளே அவள்தான்.

வாத்தியாருக்கும் வெறி வந்துவிட்டது. பட்டையை மட்டும் நோயாளி மாதிரி மேஜையில் படுக்கவைத்துத் தனியாக ஒரு படம் எடுக்கச் சொன்னார். அதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளந்து, மறுநாள் படத்திலிருந்து அதைக் கழித்தார். எட்டு மணிக்கு முதல் நோயாளி வந்து நிற்கும்போது விடை கையில் இருந்தது. ஒரு ஊசிக்கு நாலு புள்ளி ஆறு கிரே. நாலு ஊசிக்குப் பதினெட்டு புள்ளி நாலு. எல்லை இருபத்துமூன்று.

காகிதத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனபோது அவளுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

“மேடம், தப்பு என்னுது. பட்டையோட படுங்கன்னு விட்டது நான்தான். பாவம் பாத்தேன். அந்தப் பாவத்துல அவருக்கு ரெண்டு ஊசி போயிருக்கும்.”

தலைமை டாக்டர் எல்லாப் படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தார்.

“பட்டையக் கழட்டச் சொல்லாதது உங்க தப்பு. சரி. ஏழாம் நாள் படம் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னது யாரு?”

“நான்தான் மேடம்.”

“ரெண்டையும் ஒரே அறிக்கைல எழுதுங்க. இனிமே யாரா இருந்தாலும் அங்கி மட்டும்தான். ஏழாம் நாள் படம் எல்லாருக்கும் உண்டு. காலைல ஆறரைலருந்து எட்டு வரைக்கும் மெஷின் உங்களுது.” பழைய காகிதத்தில் ‘இரண்டு’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘நான்கு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா படிக்கட்டில் இறங்கி வந்த வேகத்துக்கு, நாற்பத்தெட்டு வயது என்றால் யாரும் நம்பமாட்டார்கள். பத்து வருடமாகக் கரடியாய்க் கத்தியும் நடக்காதது, ஒரு துணிப் பட்டையால் நடந்தது. அன்று மத்தியானம் வாத்தியார் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். பட்டை ஈயப் பெட்டிக்குள் போனது. கதிர் அடங்கும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று சீட்டு ஒட்டினார்கள். சீட்டில் நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில் யாரோ ‘மூன்றாவது கிட்னி’ என்று எழுதிவைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து இரண்டாம் ஊசி போட்டார்கள். மூன்றாவதும் போட்டார்கள். ஒவ்வொரு ஏழாம் நாளும் ஆறு மணிக்கே வந்து, சொல்வதற்கு முன்பே அங்கி மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் சலூன்காரர். பலகையில் அவர் இடுப்புக்குக் கீழே வைக்க அக்கா பழைய போர்வையை மடித்து ஒரு திண்டு தைத்து வைத்திருந்தாள். மீட்டரால் சோதித்த பிறகுதான் வைப்பாள்.

நான்காம் ஊசியின் ஏழாம் நாள், படம் முடிந்ததும் அக்கா தங்கையை உள்ளே கூப்பிட்டாள். திரையில் முதல் படத்தையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். முதல் படத்தில் ஈரல் முழுக்க வெளிச்சப் பொட்டுகள். இதில் இரண்டே இரண்டு, அதுவும் சோர்ந்துபோய். கிட்னி லேசான நிழலாக இருந்தது. ரத்தப் பரிசோதனையிலும் கிட்னி சொன்னபடி வேலை செய்துகொண்டிருந்தது. மொத்தப் படத்திலும் நல்ல பிரகாசமாக இருந்தது கால்மாட்டுக் குப்பி மட்டும்தான்.

தங்கை படத்தின் அருகே போனாள். முதுகெலும்புக்கு மறுபக்கம், காலியாக இருந்த இடத்தைக் காட்டினாள்.

“இங்கதான் இருந்துச்சா?”

“ஆமாம்மா” என்றாள் அக்கா.

“ஒம்பது வருஷமா இந்த எடத்தை நெனச்சுத்தான் எனக்குத் தூக்கம் வராது. நான் எடுத்துட்டேன், நான் எடுத்துட்டேன்னு.” அவள் அக்காவின் பக்கம் திரும்பினாள். “ஒண்ணு போதுமா அக்கா? நெஜமாவே போதுமா?”

“நாலு ஊசியும் தாங்கிடுச்சு. நாலரை கிரேக்கு மேல மிச்சமும் வச்சிருக்கு. போதும்.”

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே உள்ளே வந்த சலூன்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

“என்ன, மறுபடியும் பட்டையா?”

“இல்லண்ணே. முடிஞ்சுது. நாலும் முடிஞ்சுது” என்றாள் தங்கை. அப்படியே அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

சலூன்காரர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். கேமரா அறையின் டெக்னீஷியனை அவளுடைய பட்டப்பெயரால் நேருக்கு நேராக முதல்முறை கூப்பிட்டவர் அவர்தான்.

“ஏழாம் நாள் தங்கச்சி, ஞாயித்துக்கெழமை கடைக்கு வாங்க. அந்த முடிய நான் சரி பண்ணணும்.”

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈயப் பெட்டியில் எப்போதோ கதிர் அடங்கி, துவைத்து வைத்திருந்த பட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.